தனி டிஸ்க்கில் இரண்டாவது ஓஎஸ்: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

ஒரே டிஸ்க்கைத் துண்டு போட்டு இரண்டு ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம்) வைத்துக்கொள்கிற தலைவலி வேண்டாம் என்றுதான் பலரும் தனியாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி இரண்டாவதை அதில் போடுகிறார்கள். யோசனை சரிதான். ஆனால் டிஸ்க் இரண்டு என்பதாலேயே பூட் ஆகிற, அதாவது ஓஎஸ் எழும்புகிற, வழியும் இரண்டாகிவிடாது. இன்ஸ்டாலர் நமக்குச் சொல்லாமல் புது ஓஎஸ்ஸின் சாவியைப் பழைய டிஸ்க்கிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கும், மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடும், பழைய டிஸ்க்கைக் கழற்றுகிற அன்றைக்குத்தான் குட்டு உடையும். எனக்கு அப்படித்தான் உடைந்தது, அந்தக் கதை கீழே வருகிறது.

நீங்கள் இன்னும் இன்ஸ்டாலே தொடங்கவில்லை என்றால் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். கம்ப்யூட்டரை அணைத்து, பவர் கேபிளையும் பிடுங்கிவிட்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். புது டிஸ்க் மட்டும் இருக்கும்போது இன்ஸ்டால் செய்து, அது தானாக ஒருமுறை பூட் ஆவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் பழையதை மாட்டுங்கள். கழற்ற முடியாத இடத்தில் இருந்தால், பயாஸில் (மதர்போர்டின் சொந்த அமைப்புத் திரை) அந்த சாட்டா போர்ட்டையோ எம்.2 ஸ்லாட்டையோ தற்காலிகமாக முடக்கும் வசதி இருக்கிறதா என்று தேடுங்கள், டெஸ்க்டாப் மதர்போர்டுகள் பலவற்றில் இருக்கும். இதைச் செய்துவிட்டால் கீழே உள்ளதில் பாதியை நீங்கள் படிக்கவே வேண்டியிருக்காது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு முதலில் ஒரு சின்ன விளக்கம், இது தெரியாமல் எதைத் தொட்டாலும் குருட்டு வைத்தியம்தான். இன்றைய கம்ப்யூட்டர்களின் பூட் முறையான யூஇஎஃப்ஐயில் பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டு தன் சொந்த நினைவகத்தில் எழுதி வைத்திருக்கும் ஒரு பட்டியலைப் பார்க்கிறது. 'இந்த டிஸ்க்கில், இந்த பார்ட்டிஷனில், இந்த ஃபைலை ஓட்டு' என்பதுதான் அதில் ஒவ்வொரு வரியும். அந்த பார்ட்டிஷன் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் எனப்படும், 100 எம்பியிலிருந்து 1 ஜிபி வரை இருக்கிற சின்னத் துண்டு, ஃபேட்32 வடிவில் இருக்கும். அதற்குள் இருக்கும் ஃபைல்தான் விண்டோஸையோ லினக்ஸையோ எழுப்புகிறது. ஆக பட்டியல் மதர்போர்டில், ஃபைல் ஒரு டிஸ்க்கில், ஓஎஸ் வேறொரு டிஸ்க்கிலும் இருக்கலாம். டிஸ்க்கே தெரியவில்லையா, பட்டியலில் வரி இல்லையா, வரி இருந்தும் ஃபைல் இல்லையா, ஃபைல் ஓடியும் ஓஎஸ் கிடைக்கவில்லையா என்று இந்த வரிசையில் யோசித்தால் கோளாறு எங்கே என்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

புது டிஸ்க் பயாஸிலேயே தெரியவில்லை

இது ஓஎஸ் சமாச்சாரமே இல்லை, கேபிளும் ஸ்லாட்டும்தான். சாட்டா டிஸ்க் என்றால் டேட்டா கேபிள், பவர் கேபிள் இரண்டும் போயிருக்கிறதா பாருங்கள். கழற்றி மாட்டும் வகை பவர் சப்ளை வைத்திருப்பவர்கள் வேறொரு பவர் சப்ளையோடு வந்த கேபிளை எடுத்துச் செருகிவிடாதீர்கள், முனை ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே மின்னழுத்த வரிசை மாறியிருக்கலாம், ஒரே நொடியில் டிஸ்க் போய்விடும்.

எம்.2 என்றால் வேறு சிக்கல். எம்.2 என்பது வடிவம் மட்டும்தான், அதற்குள் சாட்டாவும் உண்டு, என்விஎம்இயும் உண்டு. என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகை எம்.2 எஸ்எஸ்டியைச் செருகினால் அழகாகப் பொருந்தும், ஆனால் தெரியாது. இன்னொன்று, சில மதர்போர்டுகளில் ஒரு எம்.2 ஸ்லாட்டில் ஏதாவது மாட்டினால் குறிப்பிட்ட சாட்டா போர்ட் ஒன்றோ இரண்டோ செயலிழந்துவிடும். புதிதாக எம்.2 மாட்டியதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணாமல் போனால் அது செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், மதர்போர்டு கையேட்டில் ஸ்லாட் பகுதியைப் படித்துவிட்டு வேறு போர்ட்டில் மாட்டுங்கள்.

பயாஸில் தெரிகிறது, இன்ஸ்டாலரில் தெரியவில்லை

இன்டெல் மெஷின்களில் இது அடிக்கடி வரும். டிஸ்க்குகளை இயக்கும் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் ஏஎச்சிஐ என்ற பொது முறையில் இல்லாமல் இன்டெல்லின் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு முறையில் இருக்கும், 11ஆம் தலைமுறை முதல் விஎம்டி என்ற பெயரில் ஒன்று இயங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ் இன்ஸ்டாலர் வெறும் பட்டியலைக் காட்டி டிரைவர் கேட்கும். லினக்ஸ் இன்ஸ்டாலர் பென்டிரைவை மட்டும் காட்டும்.

விண்டோஸ் போடுகிறவர்கள் கம்ப்யூட்டர் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, பிரித்து, ஃபோல்டராகப் பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டாலரில் 'லோட் டிரைவர்' அழுத்திக் காட்டினால் போதும். பிரிக்காமல் செட்டப் ஃபைலை அப்படியே போட்டால் இன்ஸ்டாலர் அதைக் கண்டுகொள்ளாது.

லினக்ஸ் போடுகிறவர்களுக்கு, விஎம்டி மட்டும் என்றால் புதிய கர்னல்களில் (லினக்ஸின் உட்கரு) அதற்கான டிரைவர் இருக்கிறது, புதிய பதிப்பு ஐஎஸ்ஓ எடுத்து முயன்று பாருங்கள். ஆர்எஸ்டி ரெய்டு முறை என்றால் ஏஎச்சிஐக்கு மாற்றத்தான் வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். பயாஸில் நேரே மாற்றினால் பழைய விண்டோஸ் நீலத் திரையில் 'இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்' என்று சொல்லி நின்றுவிடும், ஏனென்றால் அந்த விண்டோஸ் ஏஎச்சிஐ டிரைவரை பூட் நேரத்தில் ஏற்றிப் பழகவில்லை. பதறி விண்டோஸை மறுபடி போட வேண்டாம், பயாஸில் பழைய நிலைக்குத் திருப்பினால் உயிர் வந்துவிடும். பிறகு விண்டோஸுக்குள் போய் 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து, பூட் டேபில் சேஃப் பூட்டை டிக் செய்து, ரீஸ்டார்ட் ஆகும்போதே பயாஸுக்குள் நுழைந்து ஏஎச்சிஐக்கு மாற்றுங்கள். சேஃப் மோடில் எழும்பும்போது விண்டோஸ் தேவையான டிரைவரை எடுத்துக்கொள்ளும். அப்புறம் அந்த டிக்கை எடுத்துவிட்டு இன்னொரு ரீஸ்டார்ட், அவ்வளவுதான். சேஃப் மோடில் பின் எண்ணை ஏற்காமல் அசல் பாஸ்வேர்டைக் கேட்கலாம், அதனால் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிட்லாக்கர் (டிஸ்க்கை மறையாக்கிப் பாதுகாக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டுத்தான் இந்த வேலையில் இறங்க வேண்டும்.

'இந்த டிஸ்க்கில் விண்டோஸை நிறுவ முடியாது' என்கிறது

செய்தியை முழுசாகப் படியுங்கள். எம்பிஆர், ஜிபிடி இரண்டும் டிஸ்க்கில் பார்ட்டிஷன் அட்டவணையை எழுதும் முறைகள், எம்பிஆர் பழையது, ஜிபிடி புதியது. டிஸ்க் எம்பிஆர் என்று குறை சொன்னால், பென்டிரைவ் யூஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகியிருக்கிறது, டிஸ்க் மட்டும் பழைய எம்பிஆர் முறையில் இருக்கிறது. டிஸ்க் ஜிபிடி என்று குறை சொன்னால் தலைகீழ், பென்டிரைவ் யூஇஎஃப்ஐக்கு முந்தைய லெகஸி முறையில் பூட் ஆகியிருக்கிறது. பூட் மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு முறை தெரியும், யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுத்தால் பிரச்சினை முடிந்தது.

முதல் வகைக்கு, டிஸ்க் புதுசு, உள்ளே எதுவும் இல்லை என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள். இன்ஸ்டாலரிலேயே ஷிஃப்ட்டும் எஃப்10ம் சேர்த்து அழுத்தினால் கறுப்பு ஜன்னல் திறக்கும். 'டிஸ்க்பார்ட்' ஓட்டி, டிஸ்க் பட்டியலைப் பார்த்து, புது டிஸ்க்கைத் தேர்ந்து, 'கிளீன்' கொடுத்து, ஜிபிடிக்கு மாற்றச் சொல்லுங்கள். 'கிளீன்' எந்த டிஸ்க் என்று இன்னொரு முறை கேட்காது. உறுதியா என்றுகூடக் கேட்காது. ஒரு விநாடியில் பார்ட்டிஷன் அட்டவணை முழுக்கப் போய்விடும்.

அதனால் எது எந்த டிஸ்க் என்பதில் கொஞ்சம் நிற்கிறேன். 500 ஜிபி என்று விற்றது விண்டோஸில் 465 என்றும், 1 டிபி 931 என்றும் தெரியும், அது திருட்டு இல்லை, கணக்கிடும் முறை வேறு, அவ்வளவே. இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவு என்றால் எண்ணை நம்பாதீர்கள். விண்டோஸ் இன்ஸ்டாலரில் டிஸ்க் 0 என்று வருவது விண்டோஸுக்குள் டிஸ்க் 1 ஆக வரலாம், லினக்ஸில் என்விஎம்இ டிஸ்க்குகளின் வரிசை எண் பூட்டுக்குப் பூட் மாறுவதையும் பார்த்திருக்கிறேன். மாடல் பெயரையும், டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்தையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என் வழக்கம். டிஸ்க்பார்ட்டில் ஒன்றைத் தேர்ந்தபின் 'டீட்டெயில் டிஸ்க்' என்று கொடுத்தால் மாடல் பெயரும் அதிலுள்ள பார்ட்டிஷன்களும் வரும், கிளீனுக்கு முன்னால் அதை ஒருமுறை பார்க்காமல் என் விரல் எண்டரைத் தொடாது.

யூஎஸ்பியில் வெளியே மாட்டிய டிஸ்க்கில் போட முயன்று மறுக்கிறது என்றால், அதை விண்டோஸ் இன்ஸ்டாலர் வேண்டுமென்றேதான் மறுக்கிறது. லினக்ஸ் மறுக்காது.

இன்ஸ்டால் முடிந்தது, ரீஸ்டார்ட் செய்தால் பழையதே வருகிறது

முதலில் பூட் மெனுவைத் திறங்கள். எஃப்12, எஃப்11, எஃப்8, எஃப்9, எஸ்கேப் என்று தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், பவர் போட்டதும் விடாமல் தட்டிக்கொண்டே இருங்கள். அங்கே புது ஓஎஸ்ஸின் பெயர் தெரிந்து, தேர்ந்தால் எழும்பினால், கோளாறே இல்லை, வரிசைதான் மாறியிருக்கிறது, பயாஸில் மேலே ஏற்றிவிடுங்கள். சில மதர்போர்டுகளில் பூட் வரிசைப் பட்டியலில் ஹார்ட் டிஸ்க் வகைக்கு ஒரே ஒரு வரிதான் காட்டும், புது டிஸ்க் இல்லவே இல்லை என்று நினைத்துவிடுவோம். கீழே 'ஹார்ட் டிஸ்க் டிரைவ் பிபிஎஸ் பிரையாரிட்டீஸ்' என்று தனி மெனு ஒளிந்திருக்கும், உள் வரிசையை அங்கேதான் மாற்ற வேண்டும். இதைத் தேடி நான் ஒரு சாயங்காலத்தைத் தொலைத்திருக்கிறேன்.

பூட் மெனுவிலும் இல்லை என்றால், ஒன்று லெகஸி முறையில் இன்ஸ்டால் ஆகியிருக்கிறது, அல்லது மதர்போர்டின் பட்டியலில் வரி எழுதப்படவில்லை. சில லேப்டாப்கள் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தவிர யார் பெயரையும் மதிப்பதில்லை, ஒவ்வொரு பூட்டுக்கும் அதையே முதலில் தூக்கி வைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு பின்வாசல் உண்டு. பட்டியலில் வரியே இல்லாத டிஸ்க்கைக் கண்டால் யூஇஎஃப்ஐ அதன் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் 'பூட்' என்ற ஃபோல்டருக்குள் 'பூட்எக்ஸ்64' என்ற பெயரில் ஒரு ஃபைலைத் தேடும். உங்கள் பூட் லோடர் (ஓஎஸ்ஸை எழுப்பும் ஃபைல்) அந்தப் பெயரிலும் அங்கே இருந்தால் டிஸ்க்கின் பெயரைத் தேர்ந்தாலே எழும்பும். லினக்ஸின் பூட் லோடரான கிரப்பை எழுதும் 'கிரப் இன்ஸ்டால்' கமாண்டோடு 'ரிமூவபிள்' என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் அது அங்கேதான் போய் எழுதும். பயாஸ் அப்டேட் செய்தபின் லினக்ஸ் வரி மட்டும் மாயமாகிவிட்டது என்பவர்களுக்கும் இதுவே மருந்து.

பழைய டிஸ்க்கைக் கழற்றினால் புதியது எழும்பவில்லை

நான் சொன்ன கதை இதுதான். 250 ஜிபி பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ், புது எஸ்எஸ்டியில் உபுண்டு. இன்ஸ்டால் செய்யும்போது பூட் லோடர் எங்கே போக வேண்டும் என்று கேட்ட இடத்தில் எஸ்எஸ்டியைத்தான் தேர்ந்திருந்தேன், நன்றாக நினைவிருக்கிறது. பல மாதம் கழித்து விண்டோஸ் தேவைப்படவில்லை என்று பழையதை மொத்தமாக அழித்தேன். அடுத்த பூட்டில் கறுப்புத் திரை, பூட் ஆகக்கூடிய டிஸ்க்கைச் செருகச் சொல்லி ஒரே ஒரு வரி. லைவ் பென்டிரைவில் (இன்ஸ்டால் செய்யாமலே லினக்ஸ் ஓட்டும் பென்டிரைவ்) எழும்பி எஸ்எஸ்டியைத் திறந்தால் என் ஃபைல்கள் அத்தனையும் பத்திரமாக இருக்கின்றன. 512 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன்கூட முதலாவதாக இருக்கிறது. திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை, காலி. உபுண்டுவின் பழைய இன்ஸ்டாலரில் வெகுகாலம் இருந்த பிழை அது, யூஇஎஃப்ஐ முறையில் நீங்கள் எதைத் தேர்ந்தாலும் முதலில் கண்ணில் படும் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே போய் எழுதிவிடும். விண்டோஸ் இன்ஸ்டாலரும் யோக்கியம் இல்லை, முதல் டிஸ்க்கில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் இருப்பதைக் கண்டால் இரண்டாவதில் புதிதாக உருவாக்காமல் அதையே பங்கு போட்டுக்கொள்ளும்.

உங்களுக்கும் இப்படித்தானா என்று கழற்றாமலேயே தெரிந்துகொள்ளலாம். விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கிலேயே 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' என்று ஒரு துண்டு இருக்கிறதா பாருங்கள். லினக்ஸில் 'எல்எஸ்பிஎல்கே' ஓட்டி, பூட் ஃபோல்டருக்குள் இருக்கும் இஎஃப்ஐ ஃபோல்டர் எந்த டிஸ்க்கின் பார்ட்டிஷனில் மவுன்ட் ஆகியிருக்கிறது, அதாவது இணைந்திருக்கிறது, என்று பாருங்கள். ரூட் (லினக்ஸ் இருக்கும் முக்கிய பார்ட்டிஷன்) ஒரு டிஸ்க்கிலும் அது இன்னொரு டிஸ்க்கிலும் இருந்தால் நீங்களும் என் கட்சி.

சரிசெய்வது கஷ்டமில்லை, இரண்டு டிஸ்க்கும் உயிரோடு இருக்கும்போதே செய்தால் இன்னும் சுலபம். லினக்ஸ் என்றால், அதன் சொந்த டிஸ்க்கில் ஃபேட்32 இஎஃப்ஐ பார்ட்டிஷன் ஒன்று வேண்டும். இல்லையென்றால் ஜிபார்ட்டடில் 500 எம்பி அளவில் உருவாக்கி, பூட், இஎஸ்பி கொடிகளைப் போடுங்கள். ரூட் பார்ட்டிஷனைச் சுருக்கித்தான் இடம் எடுக்க வேண்டும் என்றால் இதை மட்டும் லைவ் பென்டிரைவிலிருந்து செய்யுங்கள். பழைய இஎஃப்ஐ மவுன்ட்டை அவிழ்த்து, அதே இடத்தில் புதியதை மவுன்ட் செய்து, எந்த பார்ட்டிஷன் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்று சொல்லும் 'எஃப்எஸ்டேப்' ஃபைலில் அந்த வரியில் உள்ள யூயூஐடி என்ற அடையாள எண்ணைப் புதியதற்கு மாற்றுங்கள். ஃபேட்32 யூயூஐடி குட்டையாக இருக்கும், நான்கு எழுத்து, ஒரு கோடு, நான்கு எழுத்து, அதனால் மற்ற வரிகளோடு குழம்பாது. பிறகு 'கிரப் இன்ஸ்டால்', 'அப்டேட் கிரப்' இரண்டையும் ஓட்டினால் மதர்போர்டின் பட்டியலில் வரியும் புது டிஸ்க்கைக் காட்டும்படி மாறிவிடும். இது உபுண்டு, டெபியன் குடும்பத்துக்கு. ஃபெடோராவில் யூஇஎஃப்ஐ மெஷினில் கிரப் இன்ஸ்டால் ஓட்டக்கூடாது, ஷிம் (கிரப்பை எழுப்பும் சிறு பூட் லோடர்), கிரப் பேக்கேஜ்களை ரீஇன்ஸ்டால் செய்வதுதான் முறை.

விண்டோஸ் என்றால், அட்மின் கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஸ்க்பார்ட் திறந்து சி டிரைவை 300 எம்பி சுருக்கி, கிடைத்த இடத்தில் இஎஃப்ஐ வகை பார்ட்டிஷன் உருவாக்கி, ஃபேட்32ஆக ஃபார்மேட் செய்து, எஸ் என்ற எழுத்தைக் கொடுங்கள். வெளியே வந்து 'பிசிடிபூட்' கமாண்டுக்கு மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: விண்டோஸ் ஃபோல்டர் சியில் இருக்கிறது, எஸ்ஸில் எழுது, வகை யூஇஎஃப்ஐ. முடிந்ததும் அணைத்து, மற்ற டிஸ்க்கைக் கழற்றி, தனியாக எழும்புகிறதா என்று பாருங்கள். பார்க்காமல் பழையதை அழிக்காதீர்கள். நான் பார்க்கவில்லை.

கறுப்புத் திரையில் கிரப் என்று போட்டு நிற்கிறது

பூட் லோடர் ஓடிவிட்டது, ஆனால் அது தேடும் மெனு ஃபைல் இருக்கும் டிஸ்க் இல்லை. பெரும்பாலும் லினக்ஸ் டிஸ்க்கைக் கழற்றியதும், அல்லது விண்டோஸுக்குள்ளிருந்து அந்த பார்ட்டிஷனை அழித்ததும் வரும். விண்டோஸ் மட்டும் வேண்டும் என்றால் பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்து உள்ளே போங்கள், அவ்வளவுதான்.

டிஸ்க் மாட்டித்தான் இருக்கிறது, லினக்ஸும் வேண்டும் என்றால், அங்கேயே 'எல்எஸ்' அடியுங்கள். எச்டி0, எச்டி1 என்று டிஸ்க்குகளும் ஜிபிடி1, ஜிபிடி2 என்று பார்ட்டிஷன்களும் அடைப்புக்குள் வரும்; டிஸ்க் எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும், பார்ட்டிஷன் ஒன்றில் தொடங்கும், ஏன் இப்படி என்று கேட்காதீர்கள். ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார்த்து, பூட் ஃபோல்டருக்குள் கிரப் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, 'கான்ஃபிக்ஃபைல்' என்ற சொல்லோடு அங்கே உள்ள கிரப் சிஎஃப்ஜி ஃபைலின் முழு முகவரியைக் கொடுத்தால் பழக்கமான மெனு வந்து நிற்கும். உள்ளே போனதும் மேலே சொன்ன கிரப் இன்ஸ்டால் வேலையைச் செய்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த பூட்டிலும் இதே கூத்துதான். கர்சருக்கு முன்னால் 'ரெஸ்க்யூ' என்ற சொல்லும் இருந்தால் கான்ஃபிக்ஃபைல் வேலை செய்யாது, லைவ் பென்டிரைவில் போய்ச் சரிசெய்வதே நேர மிச்சம்.

கிரப் மெனுவில் விண்டோஸ் இல்லை

கிரப் 2.06 பதிப்பு 2021இல் வந்தபோது, மற்ற ஓஎஸ்களைத் தேடும் 'ஓஎஸ் புரோபர்' இயல்பாகவே முடக்கப்பட்டது. இடிசி ஃபோல்டரில் டீஃபால்ட்டுக்குள் இருக்கும் கிரப் ஃபைலில் 'டிசேபிள் ஓஎஸ் புரோபர்' வரியை ஃபால்ஸ் ஆக்கி, அப்டேட் கிரப் ஓட்டுங்கள். முடக்குவதை முடக்கு என்கிற இரட்டை எதிர்மறை, ட்ரூ போட்டுவிட்டு வரவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் நிறைய. அப்படியும் வரவில்லை என்றால் விண்டோஸ் லெகஸி முறையிலும் லினக்ஸ் யூஇஎஃப்ஐ முறையிலும் இருக்கலாம், ஒரு முறையில் எழும்பிய கிரப் மற்ற முறைக்காரரை எழுப்பாது.

என்னைக் கேட்டால் கிரப்பில் விண்டோஸ் வேண்டியதே இல்லை. தனி டிஸ்க் வாங்கியதே ஒன்று மற்றதைத் தொடாமல் இருக்கத்தான், பிறகு எதற்கு இரண்டையும் ஒரு மெனுவில் கட்டிப் போடுவது? அடிக்கடி போகும் ஓஎஸ்ஸை முதலில் வைத்துவிட்டு, மற்றது வேண்டும்போது பூட் மெனு பட்டனைத் தட்டிக்கொள்கிறேன்.

விண்டோஸ் திடீரென 48 இலக்க எண்ணைக் கேட்கிறது

பிட்லாக்கர். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. செக்யூர் பூட்டை (நம்பகமான கையெழுத்துள்ள பூட் லோடரை மட்டும் ஓடவிடும் பயாஸ் அமைப்பு) மாற்றினாலும், பூட் வரிசையை மாற்றினாலும், விண்டோஸை கிரப் வழியாக எழுப்பினாலும் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று மதர்போர்டின் பாதுகாப்பு சிப்பான டிபிஎம் சந்தேகப்படும். 'நான் பிட்லாக்கர் போடவே இல்லையே' என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைகிற மெஷின்கள் பலவற்றில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே போட்டுக்கொள்கிறது. அந்தக் கணக்கின் ரெக்கவரி கீ பக்கத்தில் எண் இருக்கும், ஃபோனிலிருந்தே பார்க்கலாம். பயாஸில் எதையாவது மாற்றியதும் கேட்கத் தொடங்கியது என்றால் மாற்றியதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், பல நேரம் கேட்காமல் உள்ளே விடும். எண்ணும் இல்லை, திருப்பியும் பயன் இல்லை என்றால் அந்த டேட்டாவை எடுக்க வழி கிடையாது, இதில் குறுக்கு வழி சொல்பவர்களை நம்பாதீர்கள்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் 'எஸ்பாட்' என்று ஏதோ சொல்லி அணைகிறது

2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் அப்டேட் பழைய பூட் லோடர்களைத் தடை செய்யும் எஸ்பாட் பட்டியலை மதர்போர்டில் எழுதியது, இரண்டு ஓஎஸ் வைத்திருப்பவர்களைத் தொடாது என்று சொல்லியும் பலரைத் தொட்டது. தனி டிஸ்க் என்பது இங்கே காப்பாற்றவில்லை, ஏனென்றால் பட்டியல் டிஸ்க்கில் இல்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து லினக்ஸுக்குள் போய், முதலில் ஷிம்மையும் கிரப்பையும் அப்டேட் செய்யுங்கள். 'மோக்யூட்டில்' கமாண்டில் எஸ்பாட் பாலிசியை டிலீட் என்று அமைத்து, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து மீண்டும் லினக்ஸுக்குள் வந்துவிட்டு, அப்புறம் செக்யூர் பூட்டைப் போடுங்கள்.

லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எழுத முடியவில்லை

விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்தான் காரணம். ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் டிரைவைக் கையில் பிடித்துக்கொண்டே போகிறது. லினக்ஸ் அதைப் பார்த்துவிட்டு, படிக்க மட்டும் விடுகிறது, அல்லது மவுன்ட்டே செய்ய மறுக்கிறது. அந்த மறுப்பு உங்கள் நன்மைக்குத்தான், கட்டாயப்படுத்தித் திறக்காதீர்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்கிற பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக்கை எடுத்துவிடுங்கள். இரண்டுமே விண்டோஸ் என்றால் இரண்டிலும் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் ஒன்று மற்றதன் டிரைவைப் பழுது பார்க்கிறேன் என்று உட்கார்ந்துவிடும். லினக்ஸுக்குள் வந்ததும் வைஃபை காணவில்லை என்பதும் சில மெஷின்களில் இதே தூக்கத்தின் வேலைதான்.

கடிகாரம் மணிக்கணக்கில் தப்பாக ஓடுகிறது

மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கிறது, உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் நினைக்கிறது. உங்கள் நேர வலயத்தின் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு பிசகும். லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல்' கமாண்டில் லோக்கல் ஆர்டிசியை 1 ஆக்கினால் அது விண்டோஸ் வழிக்கு வந்துவிடும்.

லினக்ஸ் பூட் ஒன்றரை நிமிடம் அப்படியே நிற்கிறது

கழற்றிவிட்ட டிஸ்க்கின் வரி எஃப்எஸ்டேபில் இன்னும் இருக்கிறது, அது வரும் என்று 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போய்விடும். வரியை எடுத்துவிடுங்கள், அவ்வப்போது மாட்டுகிற டிஸ்க் என்றால் ஆப்ஷன்களில் 'நோஃபெயில்' சேருங்கள்.

புளூடூத் ஹெட்செட் ஒவ்வொரு முறையும் புதிதாக இணைக்கச் சொல்கிறது

இது பழுதே இல்லை. இரண்டு ஓஎஸ்ஸுக்கும் ஒரே புளூடூத் சிப், ஒரே முகவரி, ஆனால் ஆளுக்கொரு சாவி. கடைசியாக இணைத்தவரின் சாவிதான் ஹெட்செட்டுக்கு நினைவிருக்கும். ஒரு ஓஎஸ்ஸின் சாவியை எடுத்து மற்றதில் எழுதி வைக்க வழி உண்டு, நான் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு ஒயர் ஹெட்செட்டுக்கே மாறிவிட்டேன்.